கம்பளிக் கணக்கு

ராணுவத்தில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாரும் அப்பாவிடம் கேட்டு நான் பார்த்ததில்லை.

"ராணுவத்துல இருந்தவர்" என்று அறிமுகப்படுத்தினால் போதும், எதிரே நிற்பவரின் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். சிலர் கை கொடுப்பார்கள். சிலர் சல்யூட் அடிப்பார்கள். அதில் பாதிப் பேருக்கு எந்தக் கையால் அடிப்பது என்பதிலேயே சந்தேகம் இருக்கும். "நீங்க கண் முழிச்சுக் காக்குறதாலதான் சார் நாங்க நிம்மதியாத் தூங்குறோம்" என்பார்கள். அப்பா ஒரு மாதிரி நெளிந்து சிரிப்பார். அவர் ராத்திரி ஒன்பதரைக்கே குறட்டை விடுகிற ஆள். அம்மா சாட்சி.

17 வருடம் அவர் பார்த்தது ஸ்டோர் வேலை. பூட்ஸ், கூடாரத் துணி, தண்ணீர் பாட்டில், கம்பளி. வருவதை எண்ணி வாங்க வேண்டும், போவதை எண்ணிக் கொடுக்க வேண்டும், மிச்சத்தை லெட்ஜரில் ஏற்ற வேண்டும். பயிற்சிக் களம் தவிர வேறெங்கும் அவர் துப்பாக்கி சுட்டதில்லை. இதை அவர் யாரிடமும் மறைத்ததும் இல்லை. கேட்டால் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நான் கணக்குத் தணிக்கை செய்து பிழைக்கிறவள். ஆடிட்டர் என்றால் ஊர் முழுக்க ஒரு வெறுப்பு உண்டு, அது எனக்குப் பழகிவிட்டது. டாக்டரிடம், சாமியாரிடம், அனாதை இல்லம் நடத்துகிற நல்ல மனிதரிடம், எல்லாரிடமும் "இந்தப் பில் எங்கே?" என்று கேட்டிருக்கிறேன். நல்லவர்கள் கோபித்துக்கொள்ளாமல் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இந்தத் தொழிலுக்கு நான் வந்ததற்கே காரணம் அப்பாவின் ஒரே வாக்கியம்: "எண்ணாம கையெழுத்துப் போடாதே." பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போடும்போதுகூட மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். ஒருமுறை ஆசிரியை கூட்டலில் இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் போட்டிருந்தார். அதைத் திருத்தச் சொல்லி என்னிடமே கொடுத்தனுப்பிய புண்ணியவான்.

எனக்கு முதல் வேலை கிடைத்த அன்று ராத்திரிதான் கம்பளிக் கதையைச் சொன்னார். லெட்ஜரில் இருந்தது 200 கம்பளி. கையில் எண்ணினால் 163. திரும்ப எண்ணினார், 163. ஆளை மாற்றி எண்ணச் சொன்னார், அப்போதும் அதே. மேலே இருந்தவர் கூப்பிட்டு, "37 கம்பளி மழையில நனைஞ்சு மக்கிப்போச்சுன்னு எழுதிடு" என்றார். அந்த வருடம் மழையே சரியாகப் பெய்யவில்லை என்பது அப்பாவின் வாதம். 163 என்றுதான் எழுதினார். மூன்று வாரத்தில் மாற்றல் உத்தரவு வந்தது.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன. புது இடத்துலயும் இதே மாதிரி ரெண்டு தடவை எழுதச் சொன்னாங்க. எழுதிட்டேன்ம்மா. நீ அப்போ அம்மா வயித்துல இருந்தே."

கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ சொல்வதுபோல, "அந்தக் குளிர்ல எவன் போர்வை இல்லாம கிடந்தானோ" என்றார்.

யாராவது சல்யூட் அடிக்கும்போதெல்லாம் அவர் நெளிவது அடக்கத்தால் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

*

காக்கியைக் கண்டால் கேள்வி நின்றுபோவதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது. அதை நான் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருப்பேன், வீட்டில் எல்லாருக்கும் அலுத்துவிட்டது. 1906 அக்டோபர் 16. ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஃபோய்க்ட் என்று ஒரு செருப்புத் தொழிலாளி. வாழ்நாளில் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தவர். வெளியே வந்தால் பழைய குற்றவாளி என்று சொல்லி ஊர் ஊராகத் துரத்தினார்கள். எந்த ஊரிலும் தங்குவதற்கு அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. மனிதர் பழைய துணிக் கடைகளில் ஒரு கேப்டனின் சீருடையைப் பகுதி பகுதியாக வாங்கிச் சேர்த்தார். போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். எதிரே வந்த சிப்பாய்களை நிறுத்தி, "என்னோடு வாருங்கள்" என்றார். வந்தார்கள். வழியில் இன்னும் சில பேரைச் சேர்த்துக்கொண்டு, ரயிலேறி, பெர்லின் அருகே கோப்பெனிக் நகரசபைக்குப் போனார். நகரத் தலைவரைக் கைது செய்தார், கஜானாக்காரரையும் கைது செய்தார். கஜானாவில் இருந்த மூவாயிரத்துச் சொச்சம் மார்க்கை எடுத்துக்கொண்டார். சிப்பாய்களைக் காவலுக்கு நிறுத்திவிட்டு ரயில் நிலையத்துக்கு நடந்துபோய் மறைந்துவிட்டார்.

உடனே என் கண் போனது ஒரே இடத்தில்தான்: பணத்துக்கு அவர் ரசீது கொடுத்திருக்கிறார்! பொய்யான பெயரில் கையெழுத்துப் போட்டு. வவுச்சர் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, பணம்தான் இல்லை. என் தொழில் வாழ்க்கையில் நான் பார்த்த பாதிக் கோப்புகள் இந்த ரகம்.

பத்து நாளில் பிடித்துவிட்டார்கள். நான்கு வருடம் சிறை என்று தீர்ப்பு. 1908ல் ஜெர்மன் சக்கரவர்த்தி கெய்சரே மன்னித்து விடுவித்தார். உலகமே சிரித்தது. ஆனால் சிரித்தவர்கள் கவனித்தார்களோ இல்லையோ, அந்த நகரசபையில் இருந்த யாரும் முட்டாள் இல்லை. படித்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள். சாதாரண உடுப்பில் ஒருவன் வந்து கஜானாவைத் திற என்றிருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பார்கள். தங்கியிருக்க ஒரு துண்டுக் காகிதம் கொடுக்க மறுத்த அதே மனிதனுக்கு, சட்டை மாறியதும் ஊரையே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்தக் கதையை முதலில் அப்பாவிடம் சொன்னபோது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "சிப்பாய்ங்க மேல தப்பில்லே" என்றார். "உத்தரவுன்னா கீழ்ப்படியணும், அப்படித்தான் எங்களைப் பழக்கியிருக்காங்க. அந்த நகரசபைக்காரன் எதுக்குக் கீழ்ப்படிஞ்சான்? அவன் எங்கே சத்தியப் பிரமாணம் எடுத்தான்?"

இதுதான் எனக்கு வருடக்கணக்காக மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. படைக்குள் கேள்வி கேட்காமல் இருப்பது ஒரு வேலை நிபந்தனை. குண்டு விழும்போது குழுவாகக் கூடி விவாதிக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அந்த நிபந்தனையை வெளியே இருக்கிற நாம் ஏன் சும்மா வாங்கி மாட்டிக்கொள்கிறோம்? சம்பளம்கூட இல்லாமல்?

*

மரியாதை அதிகமானால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். கைதட்டலால் யார் கெட்டுப்போனார்கள்?

பேட் டில்மேனின் அம்மாவைக் கேட்கலாம். டில்மேன் அமெரிக்காவில் பெயர் பெற்ற கால்பந்து வீரர், அவர்கள் ஊர் வகைக் கால்பந்து. பல மில்லியன் டாலர் ஒப்பந்தத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு 2002ல் தம்பி கெவினோடு சேர்ந்து ராணுவத்தில் சேர்ந்தார். 2004 ஏப்ரல் 22 அன்று ஆப்கானிஸ்தானில் இறந்தார். எதிரியோடு போரிட்டு வீர மரணம் என்றார்கள். வெள்ளி நட்சத்திரப் பதக்கம் அறிவித்தார்கள். நினைவு நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள், நாடே அழுதது. உண்மையில் அவரைச் சுட்டது அவருடைய சொந்தப் படைப்பிரிவின் ஆட்கள்தான், குழப்பத்தில் நடந்தது. இது அங்கே இருந்தவர்களுக்கு அப்போதே தெரியும். அவருடைய சீருடையையும் குண்டு துளைக்காத கவசத்தையும் எரித்துவிட்டார்கள். குடும்பத்துக்குச் சொன்னது ஐந்து வாரம் கழித்து, நினைவு நிகழ்ச்சியெல்லாம் முடிந்த பிறகு.

அதற்குப் பிறகும் அம்மா மேரி டில்மேன் விடவில்லை. ஒவ்வொரு அறிக்கையாகக் கேட்டு வாங்கி, கறுப்பு மை பூசிய வரிகளை நோண்டி நோண்டிப் படித்தார். விசாரணைக்கு மேல் விசாரணை நடந்தது. 2007ல் நாடாளுமன்றக் குழு முன் கெவின் போய்ச் சாட்சி சொன்னார்.

இதில் என்னை உலுக்குவது பொய் இல்லை. பொய்களை நான் தினமும் பார்க்கிறேன். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக விற்றது என்பதுதான். வீர மரணம் என்று சொன்னபிறகு "எந்தப் பக்கத்திலிருந்து வந்த குண்டு?" என்று கேட்க எவனுக்கு வாய் வரும்? கேட்டால் அது இறந்தவனுக்குச் செய்யும் அவமரியாதை. பெற்றவள் ஒருத்திக்குத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கும் சலுகை இருந்தது. அவளையும் சில பேர் முகம் சுளித்துத்தான் பார்த்திருப்பார்கள்.

இதே மாதிரி மறுபக்கமும் உண்டு. ஹியூ தாம்சன் என்ற ஹெலிகாப்டர் விமானியின் கதை. 1968 மார்ச் 16, வியட்நாமில் மை லாய் கிராமம். அமெரிக்கச் சிப்பாய்கள் கிழவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தாம்சன் மேலே இருந்து பார்த்தார். கிராமத்தாருக்கும் தன் ராணுவத்துக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கினார். "இவர்கள் அந்த மக்களைச் சுட்டால் நீங்கள் இவர்களைச் சுடுங்கள்" என்று தன் கூட இருந்த இரண்டு பேரிடம் சொல்லிவிட்டு, ஒளிந்திருந்தவர்களை வெளியே கூட்டி வந்து காப்பாற்றினார். அன்று செத்தவர்கள் 347 என்று ஒரு கணக்கு, 504 என்று இன்னொரு கணக்கு.

இவருக்கு என்ன கிடைத்தது? ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் தண்டிக்கப்பட வேண்டியவர் இவர்தான் என்றார். கொலை மிரட்டல்கள் வந்தன. கொலைக்குத் தலைமை தாங்கிய லெப்டினென்ட் காலிக்கு 1971ல் ஆயுள் தண்டனை கிடைத்ததும், அவரை விடச் சொல்லித்தான் வெள்ளை மாளிகைக்குத் தந்திகள் குவிந்தன. மூன்றரை வருடம்போல வீட்டுக் காவல், அதோடு சரி. நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொண்டு தாம்சனுக்குப் பதக்கம் வந்தது 1998ல். முப்பது வருடம்.

இரண்டு பேரும் போட்டிருந்தது ஒரே நாட்டுச் சீருடை. சீருடைக்குத்தான் மரியாதை என்றால் இரண்டு பேருக்கும் சமமாகக் கிடைத்திருக்க வேண்டும் இல்லையா? கேள்வி கேட்காத கூட்டத்துக்கு, கேள்வி கேட்கிற சிப்பாயைப் பிடிக்காது. நான் பார்த்தவரை இதற்கு விதிவிலக்கு குறைவு. அப்பாவுக்கு மாற்றல் வந்ததையும் நான் இந்தக் கணக்கில்தான் எழுதுகிறேன், அவர் அளவுக்குச் சின்னதாக.

*

இதைப் பற்றிப் பேசினால் வழக்கமாக ஒரு பதில் வரும்: "நீ ஒருநாள் எல்லையில போய் நின்னு பாரு."

நிற்க முடியாதுதான். எனக்கு மூட்டு வலி. நான் அறுவை சிகிச்சை செய்ததில்லை, ஆனால் ஆஸ்பத்திரிக் கணக்கைப் பார்த்திருக்கிறேன். விமானம் ஓட்டியதில்லை, ஆனால் விமான எரிபொருள் பில்லில் ஓட்டை கண்டுபிடித்திருக்கிறேன். செய்தவன்தான் கேட்கலாம் என்றால் உலகத்தில் தணிக்கை என்ற ஒன்றே இருக்காது. அப்படி ஒரு உலகத்தை ஆசைப்படுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். கோப்பும் கையுமாக அவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன்.

உயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்பது உண்மை. மரம் வெட்டுகிறவர்களும் ஆழ்கடலுக்கு மீன் பிடிக்கப் போகிறவர்களும்கூட வைக்கிறார்கள், அவர்களுக்கு யாரும் எழுந்து இடம் கொடுத்து நான் பார்த்ததில்லை. இந்த வாதத்தை ஒரு காலத்தில் நான் பெரிதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். மீனவன் புயல் வரும் என்று தெரிந்தால் படகைக் கரையில் விட்டுவிடலாம். சிப்பாய்க்கு அது முடியாது. "போ" என்றால் போக வேண்டும். அந்த ஒரு வித்தியாசத்துக்காகவே தனி மரியாதை தரலாம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

ஆனால் அங்கேதான் அப்பாவின் கணக்கும் வருகிறது. "எனக்குக் கேக்குற உரிமை இல்லேம்மா. எழுதிக் கொடுத்துட்டுத்தான் உள்ளே போனேன். உனக்கு இருக்கு. நீயும் சல்யூட் அடிச்சுட்டுப் போயிட்டா எங்களுக்காக யார் கேப்பா?"

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தொழில் முறையில் ஒரு உதாரணம். உலகத்திலேயே அதிகமாகச் செலவு செய்கிற ராணுவம் அமெரிக்காவுடையது. அதன் பாதுகாப்புத் துறை முழுமையான தணிக்கைக்கு முதல் முறையாக உட்பட்டதே 2018ல்தான். அன்றிலிருந்து 2024 வரை ஏழு தணிக்கை, ஏழிலும் தேறவில்லை. திருட்டு என்று இதற்குப் பொருள் கிடையாது. எது எங்கே எத்தனை இருக்கிறது என்பதை நம்பும்படியாகக் காட்ட முடியவில்லை என்று பொருள். ஒரு சின்ன மருந்துக் கம்பெனி ஏழு வருடம் இப்படி நின்றிருந்தால் இழுத்துப் பூட்டியிருப்பார்கள். இதை முதலில் படித்தபோது எனக்கு அப்பாவின் 37 கம்பளிதான் ஞாபகம் வந்தது.

அதே நாட்டில் 1932ல் நடந்தது இன்னும் வயிற்றெரிச்சல். முதல் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பியவர்களுக்கு ஒரு போனஸ் தருவதாக 1924ல் சட்டம் போட்டார்கள், ஆனால் கையில் கிடைப்பது 1945ல். நடுவில் பெரும் மந்தம் வந்தது, வேலை இல்லை, பசி. இப்போதே கொடுங்கள் என்று கேட்டுப் பல்லாயிரம் பேர் தலைநகரில் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். ஜூலை 28 அன்று அவர்களைத் துரத்த வந்தது யார் தெரியுமா? அதே ராணுவம். தளபதி மெக்கார்தர் தலைமையில் குதிரைப் படை, கண்ணீர்ப் புகை, டாங்கிகள். குடிசைகள் எரிந்தன. வாழ்த்துவதற்குச் செலவு கிடையாது. போனஸுக்கு உண்டு.

*

சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளி விழாவுக்கு அப்பாவைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். வரமாட்டேன் என்றுதான் சொன்னார். அம்மாதான், "பசங்களைப் பார்த்துட்டு வாங்க, வீட்டுல உக்காந்து என்ன பண்றீங்க" என்று பிடித்துத் தள்ளினாள். நான் காரோட்டிக்கொண்டு கூடப் போனேன்.

மேடையில் அவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார்கள். பனி, மலை, துப்பாக்கி, தியாகம் எல்லாம் வந்தது. கம்பளி வரவில்லை. அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழந்தைகள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். முதல் மூன்று கேள்விகள் யாரோ எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்தவை: "நாட்டுக்காக நாங்கள் என்ன செய்ய வேண்டும், ஐயா?" அப்பாவும் நன்றாகப் படியுங்கள் என்று மனப்பாடமாகவே பதில் சொன்னார்.

நான்காவதாக ஒரு சிறுமி, வரிசையில் இல்லாதவள், எழுந்து நின்றாள். எட்டு வயது இருக்கலாம்.

"தாத்தா, நீங்க அங்க தினமும் என்ன வேலை பண்ணீங்க?"

ஆசிரியை உட்காரும்படி கை காட்டினார். அப்பா நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"கம்பளி எண்ணினேன்ம்மா."

அரங்கில் லேசாகச் சிரிப்பு. தன்னடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"எத்தனை கம்பளி?"

"ஒரு தடவை நூத்தி அறுபத்து மூணு."

"சரியா இருந்துச்சா?"

"இல்லே. முப்பத்தேழு குறைஞ்சுது."

"யாரு எடுத்தா?"

தலைமையாசிரியர் சட்டென்று மைக்கைத் தன் பக்கம் இழுத்து, நம் வீரருக்கு எல்லாரும் பலமாக ஒரு கைதட்டல் கொடுப்போம் என்றார். அரங்கம் அதிர்ந்தது. நானும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். ஓய்வதற்கு நிறைய நேரம் ஆனது. ஓய்ந்தபோது அந்தச் சிறுமி இன்னும் உட்காரவில்லை. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, மைக்குக்காகக் கையை நீட்டினார்.